மேடம் என்று கூப்பிட்டேன்

"மேடம், கணக்கு யார் பேரில் இருக்கோ அவர்கிட்ட ஃபோனைக் கொடுங்க."

2022-ல் ஒரு வியாழக்கிழமை மதியம், மஸ்கட்டில் எங்கள் கிளையில் உட்கார்ந்து நான் சொன்ன வாக்கியம் இது. ஊருக்குப் போகிற பணம் ஒன்று, வழக்கத்தைவிடப் பெரிய தொகை. அப்படி வந்தால் பதிவு செய்த நம்பருக்குக் கூப்பிட்டுக் கணக்குக்காரரிடமே உறுதி செய்ய வேண்டும் என்பது விதி. கூப்பிட்டேன். கணக்குக்காரர் 24 வயது ஆண். ஃபோனில் வந்ததோ பெண் குரல். "நான்தானாக்கும் சாரே" என்றது அந்தக் குரல். பிறந்த தேதியைச் சொன்னது, பாஸ்போர்ட் நம்பரைச் சொன்னது. நான் நம்பவில்லை. "மூன்றாம் நபர், பெண் குரல், விசாரிக்கவும்" என்று கம்ப்யூட்டரில் ஒரு வரி எழுதிப் பணத்தை நிறுத்தி வைத்தேன். வெள்ளி, சனி இங்கே விடுமுறை. கடமையைச் செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போய் மீன் குழம்பு சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு பையன் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றான். நல்ல தாடி, மீசை, முறுக்கேறிய கை. சோஹாரில் ஏசி மெக்கானிக். சுமார் 200 கிலோமீட்டர் பஸ்ஸில் வந்திருக்கிறான். வாயைத் திறக்கவில்லை. அடையாள அட்டையையும் ஒரு துண்டுத் தாளையும் நீட்டினான். தாளில் மலையாளத்தில் எழுதியிருந்தது: பணம் அப்பாவின் ஆபரேஷனுக்கு, தயவுசெய்து அனுப்புங்கள்.

கணக்கைத் திறந்து பார்த்தேன். ஊர் முகவரி பூவார்.

நெய்யாறு கடலில் சேர்கிற இடம்தான் பூவார். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் என் ஊரும். 1956 நவம்பர் 1-ஆம் தேதி கோடு போட்டபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் நாலு தாலுகாவும் தமிழ்நாட்டுக்குப் போயின. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. பாறசாலையைத் தாண்டிக் களியக்காவிளைக்கு வந்தால் தமிழ்நாடு, திரும்பி நடந்தால் கேரளம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம் என்று வளர்ந்த கூட்டம் நாங்கள்.

"பூவாருல எங்க மக்களே?" என்று கேட்டேன். தலையைத் தூக்கினான். பத்து நொடி யோசித்துவிட்டுப் பதில் சொன்னான். வியாழக்கிழமை ஃபோனில் கேட்ட அதே குரல்.

எனக்கு முகம் சுருங்கிப் போனது. பணத்தை அந்த நிமிஷமே அனுப்பினேன். அப்பாவின் ஆபரேஷன் இரண்டு நாள் தள்ளிப் போனதோடு தப்பியது. ஆனால் நான் எழுதிய அந்த ஒரு வரி இன்றுவரை உறுத்துகிறது. அதனால்தான் ஒரு வங்கிக்காரன் தொண்டையைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அன்று டீக்கடையில் அவன் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சின்ன வயசில் சர்ச் பாட்டுக்குழுவில் நன்றாகப் பாடுவானாம். உச்சத்தில் அவன் பிடிக்கிற ஸ்வரத்தைக் கேட்கவே ஆள் வருமாம். பதினாலு வயசில் ஒரு ஞாயிறு, பாட்டின் நடுவில் குரல் உடைந்து கீழே விழுந்தது. கூட்டம் சிரித்தது. அன்றிலிருந்து உடையாத இடத்திலேயே குரலைப் பிடித்து வைத்துக்கொள்ளப் பழகிக்கொண்டான். பிடி விடவில்லை. பத்து வருஷம்!

பள்ளிக்கூடத்தில் அவனுக்கு வைத்த பெயர் 'சாந்துபொட்டு'. 2005-ல் லால் ஜோஸ் இயக்கத்தில் திலீப் நடித்து வந்த படத்தின் பெயர். படம் ஓடி முடிந்தது, பெயர் மட்டும் கேரளத்துப் பள்ளிக்கூடங்களில் நின்றுவிட்டது. கொஞ்சம் மென்மையாகப் பேசுகிற பையன் எல்லோருக்கும் அதுதான் பட்டம். களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் வந்தால் வேறு வார்த்தைகள். அவற்றை நான் எழுத வேண்டாம், உங்களுக்கே தெரியும்.

இதில் என்னை உண்மையிலேயே பயமுறுத்தியது வேறொன்று. ஃபோனில் பேச வெட்கப்பட்டு, பேச வேண்டிய இடத்திலெல்லாம் அறை நண்பனைப் பேசச் சொல்வானாம். வங்கிக்கு அழைப்பதும் அந்த நண்பன்தான். அதற்காக அவனிடம் கார்டு நம்பர், ரகசிய எண், வருகிற ஓடிபி எல்லாம் கொடுத்து வைத்திருந்தான். நண்பன் நல்லவன், பிழைத்தான். இல்லையென்றால்? இருபது வருஷத்துக்கு மேலாக வங்கியில் இருக்கிறேன். ரகசிய எண்ணை ஏன் அடுத்தவரிடம் கொடுத்தீர்கள் என்று எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறேன். "என் குரல் எனக்கு வெட்கம்" என்பது ஒரு காரணமாக இருக்கும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

அவனும் அவன் வீட்டாரும் இதைப் பிறவி என்றே நினைத்திருந்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்த காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவரைக் கேட்டேன். அவர் சர்வசாதாரணமாகச் சொன்னார்: "பியூபர்ஃபோனியாவா இருக்கும். பெரும்பாலும் சில வாரப் பயிற்சியிலேயே சரியாகிடும்."

சில வாரம்! பத்து வருஷம் வாயை மூடிக்கொண்டு திரிந்தவனுக்கு!

விஷயம் இதுதான். பருவ வயதில் ஆண் பிள்ளைகளுக்குக் குரல்வளை பெரிதாகிறது, குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்குகிறது. வளர்ந்த ஆணின் பேச்சுக் குரலில் நாண்கள் விநாடிக்குச் சுமார் 100 முதல் 130 தடவை அதிரும். பெண்ணின் குரலில் 200-க்குப் பக்கத்தில் அல்லது சற்று மேலே. பியூபர்ஃபோனியா உள்ள பையனுக்குப் பெரும்பாலும் குரல்வளை ஒழுங்காகவே வளர்ந்திருக்கும், மீசையும் தாடியும் முறையாக வந்திருக்கும். குரலை இயக்குகிற தசைகள் மட்டும் சின்னப் பையனாக இருந்தபோது பழகிய மாதிரியே குரல்வளையை மேலே தூக்கி, நாண்களை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கும். குரல் உடைந்தபோது பட்ட அவமானம், பழைய குரல் மேல் இருந்த ஆசை, வெறும் பழக்கம், இப்படிக் காரணம் எதுவாகவும் இருக்கலாம். காரணமே பிடிபடாமலும் போகலாம். அம்மா செல்லம் கொடுத்ததால் இப்படி ஆகிவிட்டான் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரே வரியில் சொல்லலாம். பூவாரில் பொழி அடைத்துக் கிடக்கிற மாதிரி. ஆறும் இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது. நடுவில் ஒரு மணல் திட்டு. வெட்டிவிட்டால் ஓடும்.

எப்படி வெட்டுகிறார்கள்? முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவர் சின்னக் குழாய்க் கேமரா விட்டு நாண்களைப் பார்க்கிறார். இதைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. சிலருக்கு ஹார்மோன் குறைவு இருக்கலாம், சிலருக்குக் காது சரியாகக் கேட்காமல் இருக்கலாம், சிலருக்கு நாண்களிலேயே கோளாறு இருக்கலாம். அவற்றுக்கு வைத்தியம் வேறு. தாடி மீசை உட்பட மற்றப் பருவ மாற்றங்களும் வரவில்லை என்றால் ஹார்மோன் பரிசோதனை கட்டாயம்.

எல்லாம் சரியாக இருந்தால் அடுத்தது பேச்சுப் பயிற்சியாளர். அவர் பெரும்பாலும் இருமச் சொல்லித்தான் தொடங்குவார். பேச்சுக் குரல் எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் பல பையன்களுக்கு இருமல் கனமாகத்தான் வரும். தொண்டையைச் செருமினாலும் அப்படியே. அதாவது ஆண் குரல் உள்ளே ஏற்கெனவே இருக்கிறது. அந்த இருமலை அப்படியே நீட்டி 'ஆ' என்று இழுக்கச் சொல்வார்கள். கொட்டாவி விட்டபடி பெருமூச்சாகக் குரல் எழுப்பச் சொல்வார்கள். வாயை மூடி 'ம்' என்று முனகச் சொல்வார்கள். தேவைப்பட்டால் பயிற்சியாளர் விரலால் குரல்வளையை மெதுவாக அழுத்திக் கீழே இறக்கிப் பிடித்துக்கொண்டு பேசச் சொல்வார். குட்ஸ்மன் என்ற ஜெர்மன் மருத்துவரின் பெயரில் வழங்குகிற முறை அது. (இதைப் படித்துவிட்டு வீட்டில் பையன் கழுத்தைப் பிடித்து அழுத்தாதீர்கள் மக்களே. அது பயிற்சி பெற்றவர் கை செய்ய வேண்டிய வேலை.) ஒலியிலிருந்து எழுத்து, எழுத்திலிருந்து சொல், சொல்லிலிருந்து வாக்கியம், கடைசியில் கடைத்தெரு, ஃபோன் என்று படிப்படியாகப் போகும்.

பயிற்சிக்கு மசியாத சிலருக்கு அறுவை சிகிச்சை இருக்கிறது. ஜப்பானிய மருத்துவர் நொபுஹிகோ இஷிகி 1970-களில் வகுத்த முறைகளில் ஒன்று. குரல்வளைக் குருத்தெலும்பில் கொஞ்சம் எடுத்து நாண்களின் இறுக்கத்தைத் தளர்த்துவார்கள். அது கடைசிப் படி. எடுத்த எடுப்பிலேயே ஆபரேஷன் என்று யாராவது சொன்னால், எழுந்து வந்து இன்னொருவரைக் கேளுங்கள்.

நம் பையன் 2023-ல் விடுமுறைக்குப் போனபோது அப்பாவை டாக்டரிடம் காட்டப் போன கையோடு தன்னையும் காட்டினான். இரண்டாம் நாள் பயிற்சியில் முதல் தடவையாகத் தன் பெயரைக் கனத்த குரலில் சொன்னானாம். "நான் திரும்பிப் பாத்தேன் அண்ணே, வேற எவனாவது சொன்னானான்னு" என்றான். மூன்று வாரத்தில் வாக்கியம் பேசினான். ஆனால் வீட்டுக்குள் வந்ததும் பழைய குரலுக்கே போய்விடுவான். புதுக் குரலில் பேசினால் நடிக்கிற மாதிரி இருக்கிறது, அம்மா என்ன நினைப்பாளோ என்று கூச்சம். திரும்பி வந்த பிறகும் வீடியோ வழியாகக் கொஞ்ச நாள் பயிற்சி தொடர்ந்தது. சோஹாரிலிருந்து அம்மாவுக்குப் புதுக் குரலில் ஃபோன் செய்தபோது அம்மா "யாரு பேசது? எம் மவனுக்கு என்ன ஆச்சு?" என்று அழுதேவிட்டாளாம். சமாதானப்படுத்துவதற்குப் பழைய குரலில் பேச வேண்டியிருந்தது என்று சிரிக்கிறான். கோபம் வந்தால் இன்றைக்கும் பழைய குரல் எட்டிப் பார்க்கும். ஆனால் வங்கிக்கு அவனே ஃபோன் செய்கிறான். ரகசிய எண்ணையும் மாற்றிவிட்டான். (அதை முதல் வேலையாக மாற்றச் சொன்னது அடியேன்.)

புதுக் குரல் போலி மாதிரி இருக்கிறது என்ற கூச்சத்தைத் தாண்ட முடியாமல் பாதியில் விட்டுவிடுகிறவர்கள் உண்டாம். அவனிடம் நான் சொன்னது இதுதான். முதல் நாள் பள்ளிக்கூடத்தில் மலையாளம் பேசியபோது நமக்கு எப்படி இருந்தது? வேஷம் கட்டின மாதிரிதானே? இன்றைக்கு பஸ் களியக்காவிளை தாண்டுகிற நேரத்தில் நாக்கு தானாக மாறவில்லையா? குரலும் பழக்கம்தான்.

இனி ஒரு நியாயமான கேள்வி. பையன் குரலை ஏன் மாற்ற வேண்டும்? சிரிக்கிற ஊரல்லவா மாற வேண்டும்?

இந்தக் கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன். உயர்ந்த குரல் நம்மிடம் எப்போதும் கேலியாக இருந்ததில்லை. மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி உச்சத்தில் பாடிய எஸ்.ஜி. கிட்டப்பாவை (1906–1933) ஊரே கொண்டாடியது. ஔவையாராக நடித்த டி.கே. சண்முகத்தை 'ஔவை' சண்முகம் என்று மரியாதையோடுதான் அழைத்தார்கள். பாய்ஸ் கம்பெனி நாட்களில் குரல் உடைவதற்கு 'மகரக்கட்டு' என்று தனிச் சொல்லே இருந்தது. பாடுகிற பையனுக்கு அது வந்தால் பிழைப்பே ஆடிப்போகும் என்பது கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். இன்றைக்கு நம் வீடுகளில் அந்தச் சொல்லும் இல்லை, அந்தப் பேச்சும் இல்லை. எது யார் குரல் என்று தீர்மானிப்பதில் ஊர் எத்தனை பிடிவாதம் பிடிக்கும் என்பதற்கும் எங்கள் பக்கத்திலேயே சாட்சி உண்டு. பாறசாலை பொன்னம்மாள் அம்மாவுக்குத் திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபம் திறந்தது 2006-ல். அங்கே பாடிய முதல் பெண் அவர்தான். அப்போது அவருக்கு 80 வயது தாண்டிவிட்டது.

ஆகவே ஊர் மாறத்தான் வேண்டும். என் மேஜையும் மாற வேண்டும். குரலை வைத்து ஆளை முடிவு செய்யாதே என்று இப்போது என் கீழே வேலை செய்கிறவர்களுக்குச் சொல்லித் தருகிறேன். விவரங்கள் சரியாக இருந்தால் வீடியோவில் பார், கிளைக்கு வரச் சொல், ஆனால் 'மேடம்' என்று மட்டும் சொல்லாதே என்கிறேன்.

ஆனால் ஊர் மாறும் வரை பையன் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. தன் குரல் தனக்குப் பிடித்திருக்கிறது என்று ஒரு பையன் சொன்னால் அப்படியே இருக்கட்டும், அது நோயல்ல. அவனை ஆண்மகனாக்குகிறேன் என்று யாரும் இழுத்துக்கொண்டு போக வேண்டாம். இந்தக் குரலுக்கும் ஒருவர் திருநங்கையா, யாரை விரும்புகிறார் என்பதற்கும் சம்பந்தமில்லை. அப்படி இருந்தாலும் அதற்கு வைத்தியம் தேட ஒன்றுமில்லை. நான் சொல்வது ஒன்றே ஒன்று: மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது என்ற தகவல் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொண்டு வேண்டாம் என்பது அவன் உரிமை. தெரியாமலே பத்து வருஷம் ஒளிந்து வாழ்வதற்குப் பெயர் உரிமையில்லை.

இங்கேதான் நம்மைப் போல ஊரைவிட்டு வந்தவர்களின் பங்கு வருகிறது. அப்பா வளைகுடாவில், பையன் ஊரில். வாரத்துக்கு இரண்டு ஃபோன். "அம்மா மாதிரியே பேசுறான் பாரு" என்று சிரித்துக்கொண்டே வருஷங்கள் போகும். பையன் ஃபோனுக்கே வராமல் போனால் "படிக்கிறான் போல" என்போம். கூட வைத்திருப்பவர்களும் தப்பவில்லை. வகுப்பில் வாயே திறக்காத பையனை நாம் அடக்கமான பிள்ளை என்று மெச்சுகிறோம். அந்த அடக்கம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

பையனுக்கு 16, 17 ஆகியும் குரல் இறங்கவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். "ஆம்பிள மாதிரி பேசுடா" என்று அதட்டாதீர்கள். அதட்டினால் தொண்டை இன்னும் இறுகுமே தவிரத் தளராது. தேன், சுக்கு, நேர்த்திக்கடன் எல்லாம் உங்கள் விருப்பம், ஆனால் அவை தசைக்குப் பேசக் கற்றுத் தராது. தனியாகக் கூப்பிட்டு, இப்படி ஒரு பயிற்சி இருக்கிறது, வேண்டுமா என்று அவனைக் கேளுங்கள். அவன் சரி என்றால் நம் வருஷாந்திர விடுமுறை போதும். வீடு பூச்சு, நிலப் பதிவு, மூன்று கல்யாணம் என்று அடைத்து வைத்திருக்கிற அந்த முப்பது நாளில் மூன்று வாரம் இவனுக்கு ஒதுக்குங்கள்.

எங்கே போவது? எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் திருவனந்தபுரம் ஆக்குளத்தில் 1997-ல் தொடங்கிய 'நிஷ்' நிறுவனம் இருக்கிறது, பேச்சுக்கும் செவித்திறனுக்குமென்றே உள்ளது. மைசூரில் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் 1960-களிலிருந்து இருக்கிறது. சென்னையில் போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவில் இதற்குத் தனித் துறை உண்டு. வேறு எங்கே போனாலும் பயிற்சியாளருக்கு முறையான படிப்பும் பதிவும் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை, நாங்கள் உங்களிடம் எத்தனை காகிதம் கேட்கிறோம்! முதல் பரிசோதனை நேரில் நடக்கட்டும். அதன் பிறகு தொடர் பயிற்சியை வீடியோவில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

கம்ப்யூட்டரில் நான் எழுதிய அந்த வரியை அழிக்க முடியாது. வங்கிப் பதிவுகளை அழிக்க விதி இல்லை. அதற்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தேன்: "வாடிக்கையாளர் சொன்னது உண்மை. தவறு அதிகாரியுடையது."

போன மாதம் அவன் ஃபோன் செய்தான். "அண்ணே, நான்தானாக்கும்" என்றான். எனக்கு ஆள் பிடிபடவில்லை. "யாருப்பா?" என்று கேட்டுவிட்டேன். அவனுக்கு ஒரே சந்தோஷம்.